பதினொன்றாம் வகுப்புக் கணக்கில் 58, என்பிடியில் 76: மகனுக்கு இன்ஜினியரிங் இடம் கிடைக்குமா?

நெல்லைச்செல்வி | ஜூலை 6, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து பதிமூன்று வருஷம் ஆகிறது. சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். மகன் இந்த வருஷம் மேட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. ஊரில் பிளஸ் டூ மார்க், கட் ஆஃப், கவுன்சிலிங் என்றால் எனக்கு விளங்கும். இங்கே உள்ள முறை இன்னும் பிடிபடவில்லை.

பதினொன்றாம் வகுப்பு முழுவருட மார்க்: கணிதம் 58, ஃபிசிக்கல் சயின்ஸ் 54, ஆங்கிலம் 66, லைஃப் சயின்ஸ் 61, அக்கவுன்டிங் 63, ஆஃப்ரிகான்ஸ் 52. அந்த வருஷம் அவன் அப்பாவுக்கு வேலை போய்விட்டது. இரண்டு தடவை வீடு மாறினோம். மூன்றாம் டெர்மில் பாதி நாள் அவன் பள்ளிக்கே போகவில்லை. கொடுத்த அசைன்மென்ட் பல ஒப்படைக்கவில்லை என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

போன மாதம் என்பிடி (நேஷனல் பெஞ்ச்மார்க் டெஸ்ட், சில பல்கலைக்கழகப் படிப்புகள் கேட்கிற தனிப் பரீட்சை) எழுதினான். மொழித்திறன் 79, எண்திறன் 77, கணிதம் 76. மூன்றிலும் மேல் நிலை, 'ப்ரொஃபிஷியன்ட்'. நான் சந்தோஷப்பட்டு அந்தத் தாளைப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒருவர் பார்த்துவிட்டு, "இதை யாரும் கேட்க மாட்டார்கள், இவனுக்கு டிப்ளமோவே போதும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மகன் சரியாகச் சாப்பிடுவதில்லை.

எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிக்க ஆசைப்படுகிறான். இந்த என்பிடி மார்க்குக்கு எங்காவது மதிப்பு உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாரிட்ஸ்பர்க் அப்பா | ஜூலை 6, இரவு 11.15

சகோதரி, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் தேர்வுக்கு என்பிடியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்கள் பார்ப்பது ஏபிஎஸ், அதாவது பாட மார்க்கை வைத்துப் போடுகிற சேர்க்கைப் புள்ளி. லைஃப் ஓரியன்டேஷன் என்கிற வாழ்க்கைத் திறன் பாடத்தை விட்டுவிட்டு ஆறு பாடத்துக்கும் புள்ளி போடுங்கள்: 80க்கு மேல் 7, 70க்கு மேல் 6, 60க்கு மேல் 5, 50க்கு மேல் 4. உங்கள் மகனுக்கு 4, 4, 5, 5, 5, 4. கூட்டினால் 27. இன்ஜினியரிங்குக்கு முப்பதுக்கு மேல் வேண்டும். கணிதத்துக்கும் ஃபிசிக்கலுக்கும் தனித்தனியாகவும் ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள்.

என் பெரியவனுக்கு இதே நிலைமைதான் வந்தது.

விட்ஸ் மாணவி | ஜூலை 7, காலை 7.05

அக்கா, பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னியுங்கள். என்பிடிக்கு மதிப்பே இல்லை என்று சொன்னது சரியில்லை. எந்தத் துறை கேட்கிறது என்பதைப் பொறுத்த விஷயம் அது. ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹெல்த் சயின்சஸுக்கு என்பிடி கட்டாயம், நான் பிசியோதெரபிக்கு அப்படித்தான் வந்தேன். கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் ஹெல்த் சயின்சஸுக்கு ஆறு பாடத்துக்கு 600, என்பிடியின் மூன்று பகுதிக்கு 300, மொத்தம் 900க்குக் கணக்குப் போடுவார்கள். அங்கே உங்கள் மகனின் 232 பெரிய விஷயம்.

ஆனால் அவன் கேட்பது இன்ஜினியரிங். கேப்டவுனில் அதற்குக் கணிதம் மட்டுமே 80ஐ ஒட்டிக் கேட்பார்கள். ஆறு பாடத்தையும் அப்படியே சதவீதமாகக் கூட்டினால் அவனுக்கு 600க்கு 354 வருகிறது. அந்தப் பள்ளத்தை என்பிடி நிரப்பாது. கனவு கலைகிற மாதிரி சொல்கிறேனே என்று எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் ஜூலை கடைசியில் கேப்டவுன் விண்ணப்பம் மூடிவிடும், அதற்குள் தெரிந்துகொள்வது நல்லது.

நெல்லைச்செல்வி | ஜூலை 7, காலை 9.30

நன்றி தங்கச்சி, நன்றி அண்ணா. மனசு பாரமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு இப்போதுதான் புரிந்தது. அப்படியானால் 76 எடுத்ததற்கு என்ன அர்த்தம்? அதிர்ஷ்டமா?

சாட்ஸ்வர்த் வாத்தியார் | ஜூலை 7, பகல் 2.20

அம்மா, நான் முப்பத்தொன்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். தமிழ் நான் மாலைப் பள்ளியில் படித்தது, எழுத்து முன்னே பின்னே இருக்கும்.

அது அதிர்ஷ்டம் இல்லை. என்பிடி கணக்குத் தாளுக்குக் கால்குலேட்டர் கிடையாது. கால்குலேட்டர் இல்லாமல் உட்கார்ந்து 76 எடுக்கிற பிள்ளைகள் இந்த நாட்டில் அதிகம் இல்லை. தம்பிக்குக் கணக்கு வரும். அது நிச்சயம்.

இப்போது ஒரு விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பதினொன்றாம் வகுப்பு மார்க் மேட்ரிக் சான்றிதழில் வராது. ஒன்றுகூட வராது. பல்கலைக்கழகங்கள் ஆரம்பத்தில் தற்காலிக இடம் கொடுக்க அதைப் பார்க்கும். கடைசி முடிவு ஜனவரியில் வருகிற மேட்ரிக் மார்க்கை வைத்துத்தான். ஆகவே அவனுக்கு மூடியிருப்பது முன்கதவு. ஜனவரிக் கதவு இன்னும் திறந்திருக்கிறது. அந்தக் கதவில் கூட்டம் அதிகம், இடம் குறைவு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேட்ரிக் மார்க் எப்படி வருகிறது? கணிதத்தில் பள்ளி வேலைக்கு 25, நவம்பர் பரீட்சைக்கு 75. இப்போது பள்ளி மார்க் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கால் பங்கு 15. நவம்பரில் 75 எடுத்தால் அதன் முக்கால் பங்கு 56. கூட்டினால் 71. அதாவது 4 புள்ளியில் நின்றவன் 6 புள்ளிக்குப் போகிறான். ஒரே பாடத்தில் இரண்டு புள்ளி.

இன்னொன்று. இங்கே புள்ளி படிப்படியாக ஏறுகிறது. 60 எடுத்தாலும் 69 எடுத்தாலும் 5தான். ஆங்கிலம் 66 என்கிறீர்கள். நாலு மார்க் ஏற்றினால் ஒரு புள்ளி. கேப்டவுன் மாதிரி சதவீதமாகக் கூட்டுகிற இடத்தில் அந்த நாலு நாலாகத்தான் இருக்கும், நம்ம டர்பனில் அது ஒரு முழுப் புள்ளி. உழைப்பை எங்கே போடுவது என்று இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். ஜூன் பரீட்சையின் கணக்குத் தாள் இரண்டையும், திருத்தியதைத்தான், பள்ளியில் கேட்டு வாங்கி வையுங்கள். மார்க் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்காமல் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

கேப்டவுன் யாழ்ப்பாணத்தான் | ஜூலை 7, இரவு 8.50

வாத்தியார் சொன்னது நூறு வீதம் சரி. நான் ஒரு எலக்ட்ரிக்கல் இன்ஜினியர், இங்கே வந்து இருபது வருசம். எனக்குச் சொல்ல வேண்டியது வேற ஒன்று. "டிப்ளமோவே போதும்" எண்டு ஆரோ சொன்னதைப் பிள்ளை மனசில ஏத்திக்கொண்டு சாப்பிடாமல் இருக்குது, அது எனக்குப் பொறுக்கேல்லை.

இந்த நாட்டில இன்ஜினியரிங் படிப்புக்கு மூண்டு வழி இருக்குது. பல்கலைக்கழகத்து நாலு வருசப் பட்டம், டெக்னாலஜி பல்கலைக்கழகத்து மூண்டு வருச 'இன்ஜினியரிங் டெக்னாலஜி' பட்டம், பிறகு டிப்ளமோ. மூண்டுக்கும் அங்கீகாரம் குடுக்கிறது எக்சா எண்ட தென்னாப்பிரிக்க இன்ஜினியரிங் கவுன்சில். முதலாவதை வாஷிங்டன் உடன்படிக்கையின் கீழயும், இரண்டாவதை சிட்னி உடன்படிக்கையின் கீழயும், மூண்டாவதை டப்ளின் உடன்படிக்கையின் கீழயும் மற்ற நாடுகளும் ஒத்துக்கொள்ளும். மூண்டிலும் தென்னாப்பிரிக்கா கையெழுத்து வைச்சிருக்குது. டெக்னாலஜி பட்டம் முடிச்சு ஒரு வருச ஆனர்ஸும் செய்யலாம். என்னோட வேலை செய்யிற பிள்ளைகளில பாதிப் பேர் அந்த வழியால வந்தவைதான். சப் ஸ்டேஷனுக்குள்ள நிக்கேக்க ஆர் எந்த வழியால வந்தது எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை, பாதுகாப்பாய் வேலை செய்யத் தெரியுமோ எண்டுதான் பாப்பினம்.

தங்கச்சி, சிஏஓ (இங்கத்தைப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாய் விண்ணப்பிக்கிற அலுவலகம்) படிவத்தில ஆறு தெரிவு வரைக்கும் போடலாம். டியூடியில (டர்பன் டெக்னாலஜி பல்கலைக்கழகம்) இன்ஜினியரிங் டெக்னாலஜியைக் கட்டாயம் போடுங்கோ.

மாரிட்ஸ்பர்க் அப்பா | ஜூலை 7, இரவு 9.30

எனக்கு இதில் வேறு கருத்து. அவ்வளவு திறமை உள்ள பையன் ஏன் அவசரப்பட வேண்டும்? ஜனவரியில் மார்க் போதவில்லை என்றால் மே-ஜூனில் கணிதமும் ஃபிசிக்கலும் மறுபடி எழுதலாம். கல்வித் துறையே 'செகண்ட் சான்ஸ்' என்று வகுப்பும் பாடமும் கொடுக்கிறது. ஒரு வருஷம் போனாலும் விரும்பின படிப்பு கிடைக்கும்.

கேப்டவுன் யாழ்ப்பாணத்தான் | ஜூலை 7, இரவு 9.48

அண்ணை, உங்கட மகன் அப்படிச் செய்தவரோ?

மாரிட்ஸ்பர்க் அப்பா | ஜூலை 7, இரவு 10.20

செய்தான். அதையும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருந்து படித்தான். நண்பர்கள் எல்லாரும் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். மார்ச் வரைக்கும் புத்தகத்தைத் தொடவில்லை. நானும் கடையில் இருந்துவிட்டேன், கவனிக்கவில்லை. கணிதத்தில் ஆறு மார்க் ஏறியது, ஃபிசிக்கலில் ஒன்றும் ஏறவில்லை. பிறகு நாலு வருட பிஎஸ்சியில் சேர்ந்தான். முதல் வருடப் பாடத்தைத் துணை வகுப்போடு இரண்டு வருடமாகப் பிரித்து நடத்துகிற படிப்பு அது. அங்கே அவன் நன்றாக வந்தான். இப்போது வேலையில் இருக்கிறான்.

எழுதிப் பார்க்கும்போது எனக்கே தோன்றுகிறது, அந்த ஒரு வருஷத்தை நான் வேறு மாதிரி கையாண்டிருக்க வேண்டும். மறுபடி எழுதுவது தப்பில்லை. வீட்டில் தனியாக விடுவதுதான் தப்பு. சில துறைகள் ஒரே தடவையில் எடுத்த மார்க்கை மட்டும் ஏற்கும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

டொங்காட் ஆயா | ஜூலை 8, காலை 6.10

பேத்தி டைப் செய்கிறாள், நான் சொல்லச் சொல்ல.

மகளே, "டிப்ளமோ போதும்" என்று சொன்ன இடத்தில் உனக்கு வலித்தது எனக்கும் வலித்தது. எங்கள் காலத்தில் நாங்கள் மார்க் எடுத்தாலும் இடம் இல்லை. 1961இல் இந்தியப் பிள்ளைகளுக்கு என்று தனிக் கல்லூரி வைத்தார்கள், எங்கே தெரியுமா, துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கொட்டகையில். என் அண்ணன் தினமும் ஃபெரி ஏறிப் போய்ப் படித்தார். மழை நாளில் நனைந்த புத்தகத்தை அடுப்புப் பக்கத்தில் காயப் போடுவோம். அந்தக் கல்லூரிதான் பிறகு டர்பன்-வெஸ்ட்வில் ஆனது. 2004இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது, இப்போது நீங்கள் எல்லாரும் கேட்கிற அந்த இடமும் அதுதான்.

என் வீட்டுக்காரர் கரும்பு ஆலையில் வேலை. அவர் போனது எம்.எல். சுல்தான் டெக்னிக்கல் காலேஜ், ராத்திரி வகுப்பு. அந்த சுல்தான் பெரியவர் கொல்லத்தில் இருந்து கூலியாக வந்தவர், வாழைத் தோட்டம் வைத்துச் சம்பாதித்து நம்ம பிள்ளைகள் தொழில் படிக்கக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் ஆலையில் பகல் வேலை முடித்து, ரயில் ஏறி, ராத்திரி பத்தரைக்குத் திரும்புவார். சோறு மூடி வைத்திருப்பேன். ஐந்து வருஷம். எலக்ட்ரீஷியன் சர்ட்டிபிகேட் எடுத்தார். அதை வைத்து நாலு பிள்ளைகளையும் படிக்க வைத்தோம். அந்தக் காலேஜ் 2002இல் இன்னொன்றோடு சேர்ந்துதான் இந்த டியூடி வந்தது. அந்தப் பெயரை யாராவது இளப்பமாகச் சொன்னால் எனக்குத் தாங்காது.

பையனைச் சாப்பிடச் சொல்.

நெல்லைச்செல்வி | ஜூலை 8, இரவு 9.00

ஆயா, நீங்கள் எழுதியதை மகனிடம் படித்துக் காட்டினேன். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது, கேட்டால் புரியும். கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. பிறகு தோசை மூன்று சாப்பிட்டான்.

வாத்தியார் ஐயா, தாள் இரண்டும் வாங்கிவிட்டேன். முதல் தாள் 150க்கு 97. இரண்டாம் தாள் 150க்கு 74. முதல் தாளில் நிறையக் கேள்விக்கு விடை மட்டும் சரியாக எழுதியிருக்கிறான், வழி எழுதவில்லை, ஐந்து மார்க் கேள்விக்கு ஒன்று இரண்டுதான் போட்டிருக்கிறார்கள். இரண்டாம் தாளில் ஜியோமெட்ரிப் பகுதி கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கிறது.

சாட்ஸ்வர்த் வாத்தியார் | ஜூலை 9, காலை 8.15

அம்மா, விடை கிடைத்துவிட்டது.

என்பிடி நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற பரீட்சை. மனதிலே கணக்கைப் போட்டு சரியான விடையைப் பிடிப்பவனுக்கு அது போதும். மேட்ரிக் பரீட்சை படிக்குப் படி மார்க் கொடுக்கிறது. சூத்திரம் எழுதினால் ஒரு மார்க், அதில் எண்ணைப் போட்டால் ஒன்று, சுருக்கினால் ஒன்று, கடைசி விடைக்கு ஒன்று. தம்பி நேரே கடைசிக்குப் போகிறான். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு வருகிற வியாதி இது. விடை தவறினால் எல்லாமே போச்சு, வழி எழுதியவனுக்குப் பாதியாவது மிஞ்சும்.

ஜியோமெட்ரியில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். கோணம் சமம் என்று எழுதினால் போதாது, எந்தத் தேற்றத்தால் சமம் என்று எழுதினால்தான் மார்க். காரணங்களை எப்படிச் சுருக்கி எழுதலாம் என்று கல்வித் துறையே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. மூன்றாம் டெர்மில் பள்ளிக்குப் போகாதவன் அதைப் பார்த்தே இருக்க மாட்டான். இரண்டாம் தாளில் ஜியோமெட்ரி மட்டும் நாற்பது மார்க்கை ஒட்டி வரும். அவன் அதை விட்டுவிட்டுத்தான் 74 எடுத்திருக்கிறான். யோசித்துப் பாருங்கள்.

புதன்கிழமை மாலை அவனை என் வீட்டுக்கு அனுப்புங்கள். சாட்ஸ்வர்த்தில் என்னை விசாரித்தால் சொல்வார்கள், தனியாக முகவரி அனுப்புகிறேன். காசு வேண்டாம். என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது, தேற்றங்களும் காரணங்களும் என் கையால் எழுதியது, அதைக் கொடுக்கிறேன். செப்டம்பர் ட்ரையல் பரீட்சை மார்க்கும் பள்ளி மார்க்கில் சேரும், ஆகவே நவம்பர் வரைக்கும் காத்திருக்க முடியாது.

விட்ஸ் மாணவி | ஜூலை 9, பகல் 1.00

ஐயா, என் தம்பியும் லெனேசியாவில் பதினொன்றாம் வகுப்பு. அந்தக் காரணப் பட்டியல் பழைய வினாத்தாள்கள் இருக்கிற அதே கல்வித் துறைத் தளத்தில் இருக்கிறது, இப்போதுதான் எடுத்து அவனுக்கு அனுப்பினேன்.

அக்கா, இன்னொரு எச்சரிக்கை. இந்த நேரத்தில் தனியார் கல்லூரிகள் ஃபோன் மேல் ஃபோன் போடும். மார்க் பார்க்க மாட்டோம், உடனே இடம் என்பார்கள். உயர்கல்வித் துறையில் பதிவு இருக்கிறதா, அந்தப் படிப்பு சாக்வாவில் (படிப்புத் தகுதிகளைப் பதிவு செய்கிற அரசு அமைப்பு) பதிவானதா என்று பார்க்காமல் ஒரு ராண்ட் கட்டாதீர்கள். இன்ஜினியரிங் என்றால் எக்சா அங்கீகாரமும் வேண்டும்.

பெனோனி சித்தப்பா | ஜூலை 10, இரவு 7.40

யாரும் அமெரிக்காவைச் சொல்லவில்லையே. எஸ்ஏடி என்கிற கல்லூரி நுழைவுப் பரீட்சை எழுதினால் அங்கே பரீட்சை மார்க்குக்கு நல்ல மதிப்பு என்கிறார்களே?

கேப்டவுன் யாழ்ப்பாணத்தான் | ஜூலை 10, இரவு 8.30

என்ர அக்காவின்ர மகள் போன வருசம் விண்ணப்பிச்சவள், அதால கொஞ்சம் தெரியும். கொரோனாக் காலத்தில எஸ்ஏடி வேண்டாம் எண்டு விட்ட எம்ஐடி 2022இலயே திரும்பக் கேக்கத் தொடங்கிட்டுது. 2024இல ஹார்வர்ட், கால்டெக் எல்லாம் திரும்பக் கேட்டினம். ஆனால் கலிபோர்னியா பல்கலைக்கழகம் எஸ்ஏடியைப் பாக்கவே மாட்டுது. கேக்கிற இடங்களிலயும் பள்ளிக்கூட மார்க்கைத்தான் முதல் பாப்பினம், குறைஞ்ச மார்க்குக்குக் காரணம் இருந்தால் பள்ளி ஆலோசகர் எழுதிக் குடுக்க வேணும். இங்க அந்தக் கடிதத்துக்கு இடமே இல்லை, அங்க இருக்குது. அது ஒண்டுதான் வித்தியாசம்.

பணம்தான் பெரிய சங்கடம். வெளிநாட்டுப் பிள்ளையின்ர பணத் தேவையைப் பாக்காமல் இடம் குடுக்கிற பல்கலைக்கழகங்கள் கையில எண்ணக்கூடிய அளவுதான், அங்க போட்டியும் பயங்கரம். அப்பாவுக்கு வேலை போன வீட்டுக்கு இப்ப அந்த வழியைச் சொல்ல எனக்கு மனமில்லை.

நெல்லைச்செல்வி | செப்டம்பர் 28, இரவு 11.05

ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். சிஏஓ படிவம் போட்டுவிட்டோம். முதல் தெரிவு நாலு வருட எலக்ட்ரிக்கல், பிறகு டியூடி இன்ஜினியரிங் டெக்னாலஜி, பிறகு பிஎஸ்சி. மாரிட்ஸ்பர்க் அண்ணா சொன்ன நாலு வருட பிஎஸ்சியும் போட்டோம். ட்ரையலில் கணிதம் 68. ஜியோமெட்ரியில் முப்பது மார்க் எடுத்தான் ஐயா.

வீட்டுக்காரருக்கு ஆகஸ்டில் வேலை கிடைத்தது. சம்பளம் முன்பைவிடக் குறைவு. ஆனாலும் வீட்டில் குரல் தணிந்திருக்கிறது.

நெல்லைச்செல்வி | ஜனவரி 16, காலை 7.20

ரிசல்ட் வந்துவிட்டது. கணிதம் 74. ஃபிசிக்கல் 65. ஆங்கிலம் 71. லைஃப் சயின்ஸ் 66, அக்கவுன்டிங் 68, ஆஃப்ரிகான்ஸ் 56. புள்ளி 27இல் இருந்து 31. பள்ளிக் கணக்கு மார்க் 61தான், அப்படியானால் நவம்பர்த் தாளில் 78 எடுத்திருக்கிறான் என்று அவனே கணக்குப் போட்டுச் சொன்னான்.

சாட்ஸ்வர்த் வாத்தியார் | ஜனவரி 16, காலை 7.31

78! தம்பி!

டொங்காட் ஆயா | ஜனவரி 16, காலை 8.05

முருகா.

நெல்லைச்செல்வி | ஜனவரி 22, இரவு 9.45

முதல் தெரிவு கிடைக்கவில்லை. ஃபிசிக்கல்தான் தடுத்தது. டியூடியில் இன்ஜினியரிங் டெக்னாலஜிக்கு இடம் வந்திருக்கிறது. ஃபிசிக்கல் மறுபடி எழுதுகிறாயா என்று கேட்டேன். வேண்டாம் அம்மா, போகிறேன், முடித்துவிட்டு ஆனர்ஸ் பார்க்கலாம் என்றான். இது அவன் எடுத்த முடிவு, நாங்கள் திணிக்கவில்லை. அடுத்த வாரம் பதிவு. ஆயா, உங்கள் வீட்டுக்காரர் படித்த இடம் என்று அவனிடம் சொன்னேன். எந்தக் கட்டடம் என்று கேட்கிறான்.

டொங்காட் ஆயா | ஜனவரி 23, காலை 6.30

கர்ரீஸ் ஃபவுன்டன் மைதானத்துக்குப் பக்கத்தில். பேத்தி பழைய போட்டோ ஒன்றை ஸ்கேன் செய்து அனுப்புவாள். அதில் அவர் இடப்பக்கம் மூன்றாவது.

சாட்ஸ்வர்த் வாத்தியார் | ஜனவரி 23, காலை 10.10

அம்மா, பதிவு முடிந்ததும் தம்பியை ஒரு புதன்கிழமை வரச் சொல்லுங்கள். அந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்து வரட்டும். பக்கத்துத் தெருவில் ஒரு பெண் பிள்ளை இந்த வருஷம் மேட்ரிக், அவளுக்கும் ஜியோமெட்ரிதான் இடிக்கிறது.